சிவப்புத் தரையில் வெள்ளை முடி

நான் கல்யாணமாகிச் சங்கரன்கோவிலுக்கு வந்தபோது அந்த வீட்டில் எனக்கு முன்பே ஒரு நாய் இருந்தது. வெள்ளைப் பெட்டை நாய். நாட்டு நாய்தான் என்றாலும் முடி மட்டும் நல்ல அடர்த்தி. பட்டாசாலை என்று நாங்கள் சொல்லும் நடுக்கூடத்தின் ஒரு மூலையில் படுத்திருந்தது. வலது காலை எடுத்து வைத்து நான் உள்ளே நுழைந்தபோது தலையைத் தூக்கி ஒருமுறை பார்த்தது. பிறகு முகத்தை முன்னங்கால்களின் மேல் வைத்துக்கொண்டு கண்ணை மூடிவிட்டது. வாலைக்கூட ஆட்டவில்லை.

என் வீட்டுக்காரருக்கு நான் இரண்டாம் தாரம். மூத்தவள் காய்ச்சலில் விழுந்து போய்ச் சேர்ந்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. பிள்ளைகள் இல்லை. மாமனார் மாமியாரும் இல்லை. எனக்கோ ஜாதகத்தில் ஏதோ கோளாறு என்று வந்த வரனெல்லாம் தட்டிப்போய், தங்கைக்குக் கல்யாணம் முடிந்து, அவள் பிள்ளைக்குக் காதுகுத்தும் முடிந்திருந்தது. தாலுகா ஆபீஸில் குமாஸ்தா, சொந்த வீடு, கெட்ட பழக்கம் கிடையாது என்று சொன்னார்கள். சரி என்றேன். நாயைப் பற்றி யாரும் சொல்லவில்லை.

ராயகிரியில் எங்கள் வீட்டிலும் மாடு உண்டு, ஆடு உண்டு, கோழி உண்டு. எல்லாம் தொழுவத்தோடு சரி. வீட்டுக்குள் ஒரு பிராணி மனுஷர் மாதிரி இடம் பிடித்துப் படுத்துக் கிடப்பதை நான் பார்த்ததே இல்லை.

வீடு வடக்கு ரத வீதிக்குப் பின்னால் இருந்தது. சின்ன வீடுதான், ஆனால் தரை காவி போட்டு இழைத்த சிவப்புச் சிமிண்டுத் தரை. கல்யாணமாகி வந்த மறுநாளே எதிர்வீட்டு அக்கா வாசலில் நின்று எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: “முந்தி இந்தத் தரையில மொகம் பாத்துப் பொட்டு வச்சிக்கிடலாம். அவ அப்பிடி வச்சிருப்பா.”

‘அவ’ யாரென்று நான் கேட்கத் தேவையில்லை. அப்புறம் அதையே பலரும் சொன்னார்கள். பால்காரப் பெண் பித்தளைச் செம்பை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “அவுக புளி போட்டுத் தேய்ப்பாவ, தங்கமாட்டம் மின்னும்” என்றாள். ஆபீஸிலிருந்து ஒரு பியூன் ஏதோ காகிதக் கட்டைக் கொடுக்க வந்தவர், செருப்பைத் தெருவிலேயே கழற்றிவிட்டு, “பழைய அம்மா இருக்கையில வாசப்படியில கால வைக்கவே கூச்சமா இருக்கும்” என்று சொல்லிச் சிரித்தார். பெருமையாகத்தான் சொன்னார்கள். யாருக்கும் என்னைக் குத்த வேண்டும் என்று எண்ணம் இல்லை. எனக்கு ஒவ்வொன்றும் சுருக்கென்று ஏறியது.

இறந்துபோனவளோடு போட்டி போடுவதில் ஒரு சங்கடம் உண்டு. அவள் இனிமேல் ஒரு தப்பும் செய்யமாட்டாள். அவள் துடைத்த தரையில் இனிமேல் தூசி படியாது. நான் துடைத்த தரையிலோ நான் பிழிந்த துணியை உதறுவதற்குள் நாலு வெள்ளை முடி கிடக்கும். கறுப்புத் தரையாக, சாம்பல் தரையாக இருந்தால்கூடக் கண்ணுக்குத் தெரியாது. சிவப்புத் தரையில் வெள்ளை முடி எழுதி வைத்த மாதிரித் தெரியும்.

பாயில் முடி. தலையணையில் முடி. வெயிலில் காயப்போட்ட வத்தலில் முடி. அவருடைய வெள்ளைச் சட்டையில் தெரியாது, ஆனால் என்னுடைய கறுப்புச் சுங்கடிச் சேலையில் தெரியும். ஒருநாள் சோற்றில் ஒன்று கிடந்தது. அவர் அதை இரண்டு விரலால் எடுத்து இலைக்கு வெளியே வைத்துவிட்டு, ஒன்றும் நடக்காததுபோலச் சாப்பிட்டார். என் முடியாக இருந்திருந்தால் முகம் சுளித்திருப்பார் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

அன்றுதான் கேட்டேன். “நாயப் பொறவாசல்ல கெட்டிப் போடலாமா?”

அவர் நாயைத் திரும்பிப் பார்த்தார். எதையும் உடனே பேசமாட்டார். பிறகு, “அது இங்கன கெடந்தே பழகிட்டு. கெடந்துட்டுப் போவுது” என்றார்.

பழகிவிட்டது. யார் பழக்கியிருப்பார்கள்? எதிர்வீட்டு அக்காவும் ஒருதடவை அந்த மூலையைக் காட்டி, “அவ போனதுலேருந்து இந்த எடத்த விட்டு நவுரமாட்டேங்கு பாத்தியா, வாயில்லாச் சீவனுக்கு இருக்குத அறிவப் பாரு” என்றிருந்தாள். எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அது அவள் வளர்த்த நாய். அவள் உட்கார்ந்து பூக்கட்டிய மூலையாக இருக்கும் அது. அந்த இடத்தை எனக்கு விடக்கூடாது என்று அது காவல் கிடக்கிறது.

நாய்க்குப் பேர் இருப்பதாகவும் தெரியவில்லை. அவர் நாக்கைத் தட்டி ‘த்சொ த்சொ’ என்பார், அது எழுந்து போகும். அவள் வைத்த பேர் ஒன்று இருக்கும், அதை என் முன்னால் சொல்ல அவருக்கு மனசு வரவில்லை என்று நான் முடிவு கட்டிக்கொண்டேன். அடுப்படியில் இருக்கும்போது காதைத் தீட்டி வைத்துக்கொள்வேன். தனியாக இருக்கும்போது அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிடுவாரோ என்று. ஏதோ மெல்லப் பேசுவது கேட்கும். நான் எட்டிப் பார்த்தால் பேச்சு நின்றிருக்கும். அவர் அதன் காதைத் தடவிக்கொண்டிருப்பார்.

ஆடி பிறந்தது. எங்கள் பக்கம் ஆடி என்றால் காற்று. ஆளையே தள்ளும். தெருப்புழுதி முழுக்கக் கதவிடுக்கு வழியாக உள்ளே வந்து படியும். அதோடு நாயும் அந்த மாதத்தில் முடியை இரண்டு மடங்காக உதிர்த்தது. வாரியலால் கூட்டினால் முடி எழும்பிப் பறந்து போய் அந்தப் பக்கம் உட்காரும். நான் பழைய சேலைத் துணியை நனைத்துப் பிழிந்து வாரியலில் சுற்றிக்கட்டி இழுத்துப் பார்த்தேன். முடி துணியில் ஒட்டிக்கொண்டு வந்தது. அது நானாகக் கண்டுபிடித்தது. அதைப் பாராட்டத்தான் யாரும் இல்லை.

அம்மன் கோயிலில் ஆடித்தபசுத் திருவிழாவுக்குக் கொடியேறுவதற்கு முன்னால் ஒருநாள் அவர் சொன்னார்: “தபசுக்கு கரிவலத்துலேருந்து மதினி வருவாவ. அண்ணாச்சியும் புள்ளையளும் வருவாவ. வருசா வருசம் வாரதுதான். ரெண்டு நாள் இருப்பாவ.”

மதினி என்றால் மூத்தவளின் உடன்பிறந்த அக்கா. கரிவலம்வந்தநல்லூரிலிருந்து பஸ்ஸில் ஏறினால் அரை மணிக்கூறுதான். இருந்தாலும் கோயிலைச் சுற்றி ஆடிச்சுற்று சுற்றுவதாக நேர்ந்துகொண்டவர்கள் தங்கித்தான் போவார்கள். தபசு சமயத்தில் ஊரில் எல்லா வீட்டிலும் ஆள் நிறைந்திருக்கும். எங்கள் வீட்டுக்கு வருவது மூத்தவளின் அக்கா. தங்கை வைத்திருந்த வீட்டையும் நான் வைத்திருக்கும் வீட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கப் போகிற கண்.

நான் மூச்சுவிடாமல் வேலை செய்தேன். ஒட்டடை அடித்தேன். பரணில் இருந்த பானையெல்லாம் இறக்கிக் கழுவி ஏற்றினேன். ஜன்னல் கம்பிகளை ஒவ்வொன்றாகத் துடைத்தேன். சுவரில் நாய் உரசி உரசிக் கறுத்திருந்த இடத்தில் நானே சுண்ணாம்பு கரைத்து மட்டை கட்டி அடித்தேன். சுவரில் அவள் படம் இருந்தது. கண்ணாடியை விபூதி போட்டுத் துடைத்து மாட்டினேன். அந்தப் படத்தை அத்தனை சுத்தமாக யாரும் துடைத்திருக்க முடியாது.

நாயை என்ன செய்வது என்றுதான் ரொம்ப யோசித்தேன். கட்டிப் போட்டால், ‘எங்க தங்கச்சி நாய இப்பிடிப் போட்டுட்டாளே’ என்று அந்த அம்மாளுக்குத் தோன்றும். ஊர் முழுக்கச் சொல்வார்கள். அப்படியே விட்டால் அழுக்கு. எனக்கு அப்போது ஒரு யோசனை வந்தது. நாயையே சுத்தம் பண்ணிவிட்டால்? அவள் வளர்த்த நாயை அவளைவிட நன்றாக நான் வைத்திருக்கிறேன் என்று அவள் அக்காவே பார்த்துச் சொல்லட்டும். அந்த எண்ணம் வந்ததும் எனக்கு உடம்பில் புதுத்தெம்பு ஏறியது.

தபசுக்கு முந்தின நாள் காலையில் அவர் ஆபீஸுக்குப் போனதும் நாயைப் புறவாசலுக்குக் கூட்டிப்போனேன். முதலில் உண்ணி எடுத்தேன். காதுக்குள்ளும் கால்விரல் இடுக்கிலும் கொத்துக் கொத்தாக இருந்தது. ஒவ்வொன்றாகப் பிடுங்கி மண்ணெண்ணெய் ஊற்றிய சிரட்டையில் போட்டேன். வேப்பெண்ணெயில் மஞ்சள் குழைத்துத் தடவி, வெயிலில் நிறுத்தி, சீயக்காய் போட்டுத் தேய்த்து, கிணற்றுத் தண்ணீரை வாளி வாளியாக ஊற்றினேன். அது நடுங்கிக்கொண்டே நின்றது, ஆனால் ஓடவில்லை. உடம்பை உதறி என்னையும் முழுக்க நனைத்தது. பிறகு என்னுடைய பழைய சீப்பால் வாரினேன். முடி உருண்டை உருண்டையாக வந்தது. ஒரு தலையணைக்குத் திணிக்கலாம்.

வாரிக்கொண்டிருக்கும்போது அது தலையைத் திருப்பி என் முழங்கையில் முகத்தை வைத்துத் தேய்த்தது. வந்து இத்தனை மாதத்தில் அது என்னைத் தானாகத் தொட்டது அதுதான் முதல் தடவை. எனக்கு ஒரு நிமிஷம் சந்தோஷமாக இருந்தது. உடனே, இப்படித்தானே அவளிடமும் தேய்த்திருக்கும் என்று நினைப்பு வந்தது. கையை இழுத்துக்கொண்டேன்.

அதன் மூலையில் துவைத்த சாக்கை நாலாக மடித்துப் போட்டேன். கழுத்தில் ஒரு சிவப்பு ரிப்பன் கட்டினேன். ஆபீஸ் விட்டு வந்தவர் நாயைப் பார்த்து நின்றுவிட்டார். “இது நம்ம நாயா?” என்றார். என்னைப் பார்த்துச் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் அதிகம் பார்த்ததில்லை. அதுவும் நாயால் வந்த சிரிப்புதான்.

மறுநாள், தபசு அன்று காலையில் அவர்கள் வந்தார்கள். முதலில் அண்ணாச்சி துணிப்பையோடு வந்தார், பின்னால் பிள்ளைகள், கடைசியில் அந்த அம்மாள். சுங்கடிச் சேலை, நெற்றியில் பெரிய குங்குமம், படத்தில் இருக்கிற முகத்தின் சாடை. வாசலில் சொம்புத் தண்ணீரில் காலைக் கழுவிக்கொண்டு, “நல்லா இருக்கியா தாயி” என்று என் கன்னத்தைத் தொட்டாள். நல்ல மாதிரியாகத்தான் தொட்டாள். நான் தரையைப் பார்த்தேன். மின்னிக்கொண்டிருந்தது. ஒரு முடி கிடையாது.

பட்டாசாலைக்குள் வந்தவள் தங்கையின் படத்தை நிமிர்ந்து பார்த்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு திரும்பினாள். மூலையில் சிவப்பு ரிப்பனோடு நாய் உட்கார்ந்திருந்தது.

“யாத்தே!”

அந்த அம்மாள் போட்ட கூச்சலில் பிள்ளைகள் பயந்துவிட்டார்கள். சேலையை முழங்கால் வரை தூக்கிக்கொண்டு கதவோரம் போய் ஒட்டி நின்றாள். “இந்தச் சவத்து மூதிய இன்னுமா வீட்டுக்குள்ள போட்டு வச்சிருக்கிய? ஏ தம்பி! வெளிய கொண்டு போங்க அத!”

என் வீட்டுக்காரர் பதறி வந்து நாயின் கழுத்தைப் பிடித்துப் புறவாசலுக்கு இழுத்துக்கொண்டு போனார். நகம் தரையில் கீறிக்கொண்டே போனது. ரிப்பன் அவிழ்ந்து நடையில் விழுந்தது. நான் அதைக் குனிந்து எடுத்துக் கையில் சுருட்டி வைத்துக்கொண்டேன். என்ன நடந்தது என்றே எனக்குப் புரியவில்லை.

அடுப்படிக்கு வந்து மணைப்பலகையில் உட்கார்ந்த பிறகும் அந்த அம்மாளுக்குப் படபடப்பு அடங்கவில்லை. நீராகாரம் கொடுத்தேன். குடித்தாள்.

நான் கேட்டேன். “அக்கா, அது ஒங்க தங்கச்சி வளத்ததுதான?”

“எங்க தங்கச்சியா?” என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். “நல்லாச் சொன்னே போ. அவளுக்கு நாய்னாலே ஆகாதுட்டி. சின்னதுல கரிவலத்துல ரெண்டு பேரும் ஓடைக்குப் போயிட்டு வாரோம், ஒரு வெறிநாய் ரெண்டு பேரையும் கடிச்சிட்டு. தொப்புளச் சுத்தி ஊசி. அந்த ஊசி வேதனை இன்னும் எனக்கு வயித்துல இருக்கு. அதுலேருந்து நாய் கொலச்ச சத்தம் கேட்டாலே ரெண்டு பேருக்கும் ஒடம்பு ஆடும்.”

“அப்பொ இது?”

“இது தெருவுல கெடந்த நாய். எச்செல பொறுக்கிட்டுத் திரியும். வாசப்பக்கம் வந்தா அவ வாரியலத் தூக்கி எறிவா. அவ இருக்க வரைக்கும் ஒரு நாள் இது வாசப்படி ஏறல.”  குரலைத் தணித்துக்கொண்டாள். “அவ போனதுக்கு அப்புறந்தான் உள்ள வந்துச்சி. பதினாறாம் நாள் காரியம் முடிஞ்சி நாங்க எல்லாரும் ஊருக்குப் போயாச்சி. தம்பி ஒத்தையில இருக்காரேன்னு ஒரு மாசங் கழிச்சி நாம் பாக்க வந்தேன். வீடா அது? அந்தா அந்த மூலையில ஒரு பாயப் போட்டுப் படுத்துக் கெடக்காரு. தாடி. ஆபீசுக்குப் போயி நாளாச்சி. பக்கத்துல இது படுத்திருக்கு. ரெண்டு தட்டு கெடக்கு. ஒண்ணு அவுருக்கு, ஒண்ணு இதுக்கு. பொங்குன கஞ்சிய ரெண்டுலயும் ஊத்திக் குடிச்சிருக்காரு.”

அடுப்பில் பருப்பு பொங்கி வழிந்தது. நான் எழுந்து மூடியை எடுத்து வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தேன்.

“அழுதாவளா?” என்று கேட்டேன்.

“எங்க முன்னால ஒரு பொட்டுக் கண்ணீர் விடல. நாயிட்ட அழுதாரோ என்னமோ. நாம் உள்ள நொழையும்போது அதுட்ட பேசிக்கிட்டு இருந்தாரு. என்னப் பாத்ததும் நிப்பாட்டிட்டாரு.”

புறவாசல் கதவு திறந்திருந்தது. நாயைக் கிணற்றடியில் கட்டியிருந்தார். கட்டிப் பழக்கம் இல்லாததால் அது ஊளையிட்டுக்கொண்டே இருந்தது. அவர் துவைக்கிற கல்லில் உட்கார்ந்து அதன் முதுகில் கையை வைத்திருந்தார். ஊர் முழுக்கத் தபசுக் கூட்டம், மைக்செட்டுச் சத்தம், வீடு நிறைய விருந்தாளிகள். அவர் புதுவேட்டியோடு துவைகல்லில் உட்கார்ந்து நாயோடு ஏதோ பேசிக்கொண்டிருந்தார். உதடு அசைந்தது. காற்றில் ஒன்றும் கேட்கவில்லை.

அதுவரை நான் ஒரு செத்துப்போன மனுஷியின் மேல் பொறாமைப்பட்டுக்கொண்டிருந்தேன். அவள் மேல் இருந்த பொறாமை போய்விடவில்லை. அவள் நிஜமாகவே வீட்டைக் கண்ணாடியாக வைத்திருந்தாள், அதில் சந்தேகம் இல்லை. ஆனால் அந்த நிமிஷம் எனக்கு வந்தது வேறு மாதிரியானது.  அவர் தாடியோடு கிடந்த அந்த நாட்களில் நான் ராயகிரியில் அரிசி புடைத்துக்கொண்டு இருந்திருப்பேன். அவர் யாரென்றே எனக்குத் தெரியாது. அப்போது அவர் பக்கத்தில் படுத்திருந்தது அது. என்னிடம் அவர் ஒரு வார்த்தைகூடச் சொல்லாத எல்லாம் அதற்குத் தெரியும். அதை நேற்று நான் என் கையால் குளிப்பாட்டி, சீவி, ரிப்பன் கட்டி உட்கார வைத்திருக்கிறேன்.

அன்று சாயங்காலம் தபசுக் காட்சிக்கு எல்லோரும் தெற்கு ரத வீதிக்குப் போனோம். நெருக்கித் தள்ளியது கூட்டம். சுற்றுவட்டாரத்து விவசாயிகள் வயலில் விளைந்த பருத்தியையும் மிளகாய் வத்தலையும் நெல்லையும் சாமி மேல் வாரி இறைத்துச் சூறை விட்டார்கள். தலையில், தோளில், எல்லோர் மேலும் பஞ்சு வந்து விழுந்தது. நான் கையெடுத்துக் கும்பிட்டுக்கொண்டு நின்றேன். என்ன வேண்டிக்கொள்வது என்று தெரியவில்லை. நாயைப் பற்றி எப்படி அம்மனிடம் சொல்ல?

திரும்பி வந்தவர்கள் ஆடிச்சுற்று சுற்றிய புழுதிக் காலோடு வீடெங்கும் நடந்தார்கள். பிள்ளைகள் பஞ்சை உதறிப் போட்டார்கள். யாரோ மிளகாய் வத்தலை மிதித்து விதையை நாலு பக்கமும் இழுத்திருந்தார்கள். கோயிலில் பிரசாதமாகக் கொடுத்த புற்றுமண் பொட்டலம் ஒன்று அவிழ்ந்து கொட்டிக் கிடந்தது. இரண்டு நாளும் நாய் வெளியேதான். ஆனால் அந்த நாய் இருந்து போட்ட குப்பையெல்லாம் ஒன்றுமே இல்லை என்பதுபோல ஆகியிருந்தது வீடு.

அவர்கள் பஸ் ஏறிப் போன பிறகு நான் வாரியலை எடுத்தேன். அவர் நாயை அவிழ்த்துவிட்டார். அது நேரே வந்து தன் மூலையில் படுத்தது. ஈரத்துணியை இழுத்தபடி அந்த மூலைக்கு வந்ததும் நான் நின்றேன்.

“அதுட்ட என்ன பேசுவிய?” என்று கேட்டேன்.

அவருக்கு முகம் கறுத்துவிட்டது. “மதினி சொன்னாவளா?”

“ஆமா.”

“என்னத்தப் பேச. கஞ்சி ஆறிட்டா, மழை வருமான்னு... அதான்.” நாயைப் பார்த்துக்கொண்டே, “அதுக்கு வேற வேலை கெடையாதுல்லா. சொல்லுதத கேட்டுக்கிட்டுக் கெடக்கும்” என்றார்.

“நானும் கேப்பேன்” என்றேன்.

சொல்லிவிட்டேனே தவிர எனக்கே வெட்கமாகப் போய்விட்டது. குனிந்து விறுவிறுவென்று துடைத்தேன்.  துணியை நான் நனைக்கப் போனபோது அவர் வாளியைத் தூக்கிக்கொண்டு பின்னால் வந்தார். கிணற்றடியில் வைத்துத்தான் சொன்னார், மூத்தவள் தரையைத் துடைத்துவிட்டுக் கடைசியில் ஒரு துளி தேங்காய் எண்ணெய் போட்டுத் தேய்ப்பாளாம். அதனால்தான் அந்தப் பளபளப்பு. ஒருநாள் ஆபீஸுக்குக் கிளம்பும் அவசரத்தில் இவர் வழுக்கி விழுந்து முட்டியைப் பெயர்த்துக்கொண்டாராம். அவள் முதலில் தரையில் கீறல் விழுந்திருக்கிறதா என்று பார்த்தாளாம், அப்புறம்தான் முட்டியைப் பார்த்தாளாம். சொல்லிவிட்டு அவர் சிரித்தார், சிரிக்கும்போதே கண் நிறைந்துவிட்டது. என் முன்னால் அவளைப் பற்றி அவர் பேசியது அன்றைக்குத்தான். நான் கேட்டேன். கேட்பதற்கு இனிப்பாக இருந்தது என்று சொல்லமாட்டேன்.

“இந்த நாய்க்கு என்ன பேரு?” என்றேன், பேச்சை மாற்ற.

“பேரா? யாரு வச்சா? நீ வேணா வையி.”

நான் வைக்கவில்லை. ‘த்சொ த்சொ’ என்றே நானும் கூப்பிட்டேன். எண்ணெய் வித்தையையும் நான் செய்யவில்லை. எண்ணெய்த் தரையில் முடி ஒட்டிக்கொண்டால் பிய்க்க முடியாது. அவளுக்கு என்ன, வாரியலை எறிந்து நாயை வெளியே வைத்திருந்தாள். எனக்கு அது முடியாமல் போயிற்று. வாரத்தில் ஒருநாள் சீயக்காய்க் குளியல், காலையில் புறவாசலில் வைத்துச் சீப்பால் வாருவது, மூலைச் சாக்கை மாற்றி மாற்றித் துவைப்பது, வாசலில் கால் துடைக்க இன்னொரு சாக்கு என்று ஒரு வழக்கம் வைத்துக்கொண்டேன். முடி குறைந்தது. ஒரேயடியாகப் போகவில்லை. எதிர்வீட்டு அக்கா பழையபடி, “அவ இருக்கையில...” என்று தொடங்கினால், “அவுகளுக்கு நாய் கெடையாதுல்லாக்கா” என்று சொல்லப் பழகிக்கொண்டேன். அந்தப் பதிலில் எனக்கு ஒரு சின்னத் திருப்தி உண்டு.

ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு அவர் என்னிடம் பேசத் தொடங்கினார். ஆபீஸ் கதை, சிவகிரிப் பக்கம் வரப்புத் தகராறு, எந்த அதிகாரிக்கு எந்த ஊர் மாற்றல் என்று. நான் ஊம் கொட்டுவேன். நாய் மூலையில் ஒரு கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்கும். சில நாள் அவர் வாசலில் இருக்கும்போது அதனிடம் தனியாக ஏதோ சொல்லிக்கொண்டிருப்பது காதில் விழும். எனக்குச் சொல்லாதது இன்னும் மிச்சம் இருக்கிறது என்று தெரியும். அந்த நேரத்தில் அடுப்படியில் பாத்திரம் கொஞ்சம் சத்தமாக விழும்.

அடுத்த வருஷம் ஆடிக்கு முன்னால் ஆபீஸ் வேலையாக அவரை மதுரைக்கு அனுப்பினார்கள். சில வாரம் அங்கேயே தங்க வேண்டியிருந்தது. வீட்டில் நானும் நாயும் மட்டும். அவர் போன முதல் நாள் அது சாப்பிடவில்லை. எனக்கும் இறங்கவில்லை. ஒரு ஆளுக்குப் பொங்குவது எப்படி என்று எனக்குத் தெரியவில்லை, பானையில் சோறு மிஞ்சிக்கொண்டே இருந்தது. பிறகு சாயங்காலம் ஆனால் நான் வாசல் நடையில் உட்காருவேன், அது வந்து படியில் படுக்கும். நடுவில் ஒரு ஆள் உட்காருகிற இடம் விட்டுத்தான் படுக்கும். அதற்கு என்மேல் பாசம் வந்துவிட்டது என்று எதிர்வீட்டு அக்கா சொன்னாள். பாசமெல்லாம் இல்லை. இரண்டு பேரும் பஸ் ஸ்டாண்டிலிருந்து தெரு திரும்புகிற முக்கைப் பார்த்துக்கொண்டிருந்தோம், அவ்வளவுதான்.

ஒருநாள் என்னை அறியாமல் அதனிடம் பேசிவிட்டேன். “தபசுக்குள்ள வந்துருவாவளா?” என்றேன். அது காதை மட்டும் அசைத்தது. அவர் சொன்னது சரிதான், நன்றாகக் கேட்கும்.

கொடியேறின மறுநாள், நான் தபசுக்காக வாசல் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருந்தேன். முழங்கை வரை சுண்ணாம்பு, தலையில் துண்டு. அன்று காலையில் ஒரு தூறல் போட்டுத் தெரு சகதியாக இருந்தது. நாய் திடீரென்று எழுந்து நின்றது. நான் திரும்பிப் பார்த்தேன். தெரு முக்கில் அவர் வந்துகொண்டிருந்தார். கையில் பெட்டி, வெள்ளை வேட்டி, முகம் மெலிந்திருந்தது.

நாய் ஓடியது. எதிர்வீட்டு அக்கா கோலமாவுக் கிண்ணத்தோடு நின்றாள், நாலு வீட்டு வாசலில் ஆட்கள் இருந்தார்கள், தெருவில் ஆடிச்சுற்றுக்குப் போகிறவர்கள் போய்க்கொண்டிருந்தார்கள். அத்தனை பேருக்கும் நடுவில் அது சகதியைத் தெறித்துக்கொண்டு ஓடி, அவர் நெஞ்சில் இரண்டு காலையும் தூக்கி வைத்து, முகத்தை நக்கியது. அவர் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

நான் மட்டையைப் பிடித்தபடி வாசலிலேயே நின்றேன். நான் ஓட முடியாது. சுண்ணாம்பு முழங்கையிலிருந்து கீழே சொட்டியது.

பிறகு அவர் பெட்டியை எடுத்துக்கொண்டு என்னைப் பார்த்து நடந்து வந்தார். பக்கத்தில் வந்ததும் பார்த்தேன். சட்டை, வேட்டி எல்லாம் நாய்க்கால் சகதி. அதையும் நான்தான் துவைக்க வேண்டும்.